கேன்சருக்கே மருந்து எடுக்கற செடி, சுகர் எம்மாத்திரம்? – அப்பாவோட நித்தியகல்யாணி கஷாயம் பத்தி ஒரு கேள்வி

ஒட்டன்சத்திரம் பக்கத்துலேருந்து ஒரு சகோதரி எழுதியிருக்காங்க, பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்காங்க. லெட்டர் பெருசு, சுருக்கித் தரேன்.

"அப்பாவுக்கு 63 வயசு, விவசாயம். 9 வருஷமா சுகர் இருக்கு, மெட்பார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடறார். ரெண்டு மாசமா வாசல்ல நிக்கற நித்தியகல்யாணியில வெள்ளைப் பூ ஏழு, இலை ஒரு பத்து பறிச்சு, ரெண்டு டம்ளர் தண்ணி ஒண்ணா சுண்டற வரைக்கும் கொதிக்க வெச்சு, பாதி எலுமிச்சம்பழம் பிழிஞ்சு வெறும் வயித்துல குடிக்கிறார். காலைல குடிச்சிட்டிருந்த டீ பிஸ்கட்டை நிறுத்திட்டார். மாத்திரையையும் அவரா பாதியாக்கிட்டார். 210 இருந்த வெறும் வயித்து சுகர் இப்ப 160. நான் வேண்டாம்னா 'கேன்சருக்கே இதுலேருந்துதான் மருந்து எடுக்கறான், சுகர் எம்மாத்திரம்'ங்கறார். அவர் சொல்றதுல தப்பு எங்கன்னு எனக்கு விளக்கத் தெரியல. இப்ப சித்தப்பாவும் ஆரம்பிச்சிட்டார்."

பதிலை முதல்லயே சொல்லிடறேன்மா, காரணத்த அப்புறம் சாவகாசமா பேசலாம். நாளைக் காலைலேருந்து கஷாயம் வேண்டாம், அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும். இந்த வாரத்துக்குள்ள சுகர் பாக்கற டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க, போறப்ப மாத்திரை அட்டையோட அந்தச் செடியிலேருந்து ஒரு கொத்தையும் கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க. நிறைய பேர் டாக்டர்ட்ட இதை மட்டும் மறைச்சிடுவாங்க, திட்டுவாரோன்னு. திட்டினா வாங்கிக்கலாம், பரவால்ல. நிறுத்தின பாதி மாத்திரையை நீங்களா திரும்ப முழுசா ஆரம்பிக்காதீங்க, அதுக்கும் ஒரு காரணம் இருக்கு, கீழ சொல்றேன்.

நான் பதினாலு வருஷமா ஒரு ஆஸ்பத்திரியோட கேன்சர் வார்டு ஃபார்மசியில இருக்கேன். அப்பா சொல்ற அந்த "கேன்சர் மருந்து" என் கை வழியாத்தான் வார்டுக்குப் போகுது. வின்கிரிஸ்டின்னு பேரு. சுண்டு விரல் அளவு கண்ணாடிக் குப்பி, உள்ள ஒரு மில்லி, பாத்தா தண்ணி மாதிரிதான் இருக்கும், அதுல மருந்து ஒரே ஒரு மில்லிகிராம். பிரிட்ஜ்லதான் வெச்சிருப்போம். திறக்கணும்னா ரெட்டை கிளவுஸ், கவுன், காத்தை வடிகட்டற கேபினட்டுக்குள்ள கைய விட்டுத்தான் வேலை. பெரியவங்களுக்கே பொதுவா ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல போக மாட்டாங்க, அதுவும் ரத்தக் குழாய் வழியா மட்டும். குழாய்க்கு வெளில தோலுக்கடியில கசிஞ்சா அந்த இடமே வெந்து புண்ணாயிடும். தப்பித் தவறி முதுகுத் தண்டுல ஊசியா போட்டுட்டா உயிரே போயிடும், உலகத்துல பல இடத்துல அப்படி நடந்திருக்கு, அதனாலதான் இப்ப இதை சிரிஞ்ச்ல ஏத்தாம சின்ன பைல கலந்து குடுக்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனமே எழுதி வெச்சிருக்கு. அப்பா சொல்ற செடியோட பெருமை உண்மைதான். ஆனா அந்தப் பெருமை எவ்வளவு கைய உதற வைக்கும்னு அவருக்கு யாரும் சொல்லல போல.

இன்னொரு வேடிக்கை இருக்கு. உங்க அப்பா இன்னிக்கு வாசல்ல பண்ற பரிசோதனையை 1950கள்லயே கனடாவுல பண்ணிப் பாத்துட்டாங்க. ஜமைக்காவுல ஜனங்க சுகருக்கு இந்த இலையைத்தான் டீ போட்டுக் குடிச்சிட்டிருந்தாங்க. 1952ல அங்கேருந்து ஒரு கவர்ல கொஞ்சம் இலை டொரான்டோவுல இருந்த கிளார்க் நோபிள்ங்கற டாக்டருக்கு வந்துச்சு. இந்த கிளார்க் நோபிள் யாருன்னா, 1921ல பான்டிங் இன்சுலின் தேடினப்ப அவருக்கு உதவியாளரா யார் முதல்ல போறதுன்னு சார்லஸ் பெஸ்ட்டும் இவரும் காசு சுண்டிப் போட்டாங்க, இவர் தோத்தார், பெஸ்ட் சரித்திரத்துல ஏறிட்டார். பாவம்தான். ஆனா முப்பது வருஷம் கழிச்சு அந்த கவர் இவர்கிட்டத்தான் வந்துச்சு. அதை ஆராய்ச்சியில இருந்த தம்பி ராபர்ட் நோபிளுக்கு அனுப்பிட்டார்.

தம்பி எலிகளுக்கு இலைச் சாறை வாய் வழியா குடுத்துப் பாத்தார், சுகர் பெருசா அசையல. சரி, ஊசியா போட்டுப் பாப்போம்னு போட்டாங்க. ஒரு வாரம் போல ஆனதும் எலிங்க செத்து விழ ஆரம்பிச்சிடுச்சு. அறுத்துப் பாத்தா உடம்பு பூரா கிருமித் தொற்று, ரத்தத்துல வெள்ளை அணு தரைமட்டம், எலும்பு மஜ்ஜை காலி. சாதாரண ஆளா இருந்தா "விஷச் செடி, தூக்கிப் போடு"ன்னு போயிருப்பார். இவங்க வேற மாதிரி யோசிச்சாங்க: வெள்ளை அணுவை இப்படி அழிக்குதுன்னா, வெள்ளை அணு கட்டுக்கடங்காம பெருகற நோய் ஒண்ணு இருக்கே, லுகேமியா, அதுக்கு ஆகுமா? சார்லஸ் பீர்னு ஒரு கெமிஸ்ட் சேந்து அந்தப் பொருளைப் பிரிச்சு எடுத்தார், அதுதான் வின்பிளாஸ்டின். அதே சமயத்துல அமெரிக்காவுல எலி லில்லி கம்பெனியும் (பேரைப் பாருங்க, ஆராய்ச்சி பூரா சுண்டெலியை வெச்சுத்தான்) இதே செடியை சுகருக்குன்னு எடுத்து, இதே இடத்துல வந்து முட்டி, கூடவே வின்கிரிஸ்டினையும் கண்டுபிடிச்சாங்க. அது 1963ல மருந்தா அனுமதி வாங்குச்சு. இன்னிக்கு லுகேமியா வந்த குழந்தைகளுக்கு மத்த மருந்துகளோட சேத்து இதைக் குடுக்கறோம், பெரும்பாலான குழந்தைங்க பொழைச்சு ஸ்கூலுக்குப் போகுதுங்க.

அதனால அப்பாட்ட நீங்க சொல்ல வேண்டிய முதல் விஷயம் இதுதான்: கேன்சருக்கு மருந்தானதே, சுகருக்குக் குடுத்தப்ப எலி செத்ததாலதான். அவர் செடிக்குக் குடுக்கற சர்டிபிகேட்டே செடி மேல இருக்கற புகார்.

இப்ப ஆல்கலாய்டு பத்தி கொஞ்சம். செடி ஓட முடியாது, கடிக்க வர்ற பூச்சியை அடிக்கவும் முடியாது, அதனால உடம்புக்குள்ளயே கசப்பும் விஷமுமா செஞ்சு வெச்சுக்குது, அதுல நைட்ரஜன் இருக்கற ஒரு பெரிய கூட்டத்துக்குத்தான் ஆல்கலாய்டுன்னு பேரு. நித்தியகல்யாணியில மட்டும் 130க்கு மேல கண்டுபிடிச்சிருக்காங்க. வேர்ல அஜ்மலிசின்னு ஒண்ணு, அது ரத்தக் குழாயைத் தளர்த்தி பிரஷரைக் குறைக்கற ரகம், நம்ம தென் மாவட்டங்கள்ல மானாவாரியில இந்தச் செடியைப் போட்டு வேர் இலை ரெண்டையும் ஏற்றுமதிக்கு விக்கறது இதுக்கெல்லாம்தான். இலையில அதிகமா இருக்கறது கேதரந்தின், விண்டோலின்னு ரெண்டு. செடி பண்ற வேலையைப் பாருங்க, கேதரந்தினை இலையோட மேல்தோல் மெழுகுல கொண்டு வந்து தடவி வெச்சிருக்கு, விண்டோலினை உள்ள பூட்டி வெச்சிருக்கு, ரெண்டையும் பெரும்பாலும் சேர விடறதில்ல. இந்த ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கோத்தாத்தான் வின்பிளாஸ்டின். அதுல ஒரு நைட்ரஜன் மேல தொங்கற மெத்தில்ங்கற சின்ன வால் ஃபார்மைலா மாறினா வின்கிரிஸ்டின். அவ்ளோ பெரிய மூலக்கூறுல மாத்தம் அவ்வளவுதான், ஆனா ஒண்ணு ரத்த அணுக்களைத்தான் முதல்ல அடிக்கும், இன்னொண்ணு நரம்பை அடிக்கும். செல் ரெண்டா பிரியறப்ப குரோமோசோம்களை ரெண்டு பக்கமும் இழுக்கறதுக்கு உள்ள கயிறு மாதிரி குழாய்கள் கட்டும், இந்த மருந்துங்க அந்தக் கயிறைத் திரிக்கவே விடாது, செல் பாதியில நின்னு செத்துடும். நரம்புக்குள்ளயும் அதே குழாய்லதான் சரக்கு போக்குவரத்து, அதனாலதான் வின்கிரிஸ்டின் போட்டவங்களுக்கு கால் மரத்துப் போறது, நடக்கறப்ப முன்பாதம் தொங்கறது, நாலு நாள் மலம் போகாம வயிறு உப்பறது எல்லாம் வருது.

எலுமிச்சம்பழம் பிழியறார்னு எழுதியிருந்தீங்க பாருங்க, அதைப் படிச்சிட்டு நான் சிரிச்சிட்டேன், அப்புறம் சிரிப்பு நின்னுடுச்சு. ஆல்கலாய்டு காரத்தன்மை உள்ளது, தனியா தண்ணியில சரியா கரையாது, ஆசிட் சேத்தா உப்பா மாறி நல்லா கரையும். பி.பார்ம் ரெண்டாவது வருஷ லேப்ல எங்களுக்கு முதல்ல சொல்லித் தந்ததே இதுதான், இலைத்தூளை நீர்த்த ஆசிட்ல ஊற வெச்சு வடிகட்டு, ஒரு சொட்டு டிராகன்டார்ஃப் கரைசல் விடு, ஆரஞ்சுக் கலர்ல திரிஞ்சு வந்தா ஆல்கலாய்டு இருக்கு. அப்பா ருசிக்குன்னு பிழியற எலுமிச்சை அந்த லேப் வேலையோட முதல் படி. இலையில இருக்கறதை இன்னும் நல்லா தண்ணிக்கு இறக்கிக் குடுக்குது.

இப்ப நியாயமா ஒரு விஷயம் சொல்லணும், இல்லன்னா உங்க அப்பா மாதிரி ஆளு என்னை மடக்கிடுவார். ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்கணும்னா 500 கிலோ காஞ்ச இலை வேணும்னு கணக்கு சொல்றாங்க, வின்கிரிஸ்டினுக்கு அதை விடவும் அதிகம், அதனாலதான் விலை, அதனாலதான் 2022ல ஈஸ்ட்டுக்குள்ள மரபணுவை வெச்சு அந்த விண்டோலினையும் கேதரந்தினையும் நொதிக்க வெச்சுப் பாத்தாங்க. கணக்குப் போடுங்க, ஒரு கிராம் காஞ்ச இலைக்கு ரெண்டு மைக்ரோகிராம். மேல சொன்ன 2 மில்லிகிராம் வின்கிரிஸ்டின் டோஸோட வெச்சுப் பாத்தா ஆயிரத்துல ஒரு பங்கு. வாய் வழியா போனா அதுலயும் சொற்பம்தான் ரத்தத்துல ஏறும். அதனால அப்பா ரெண்டு மாசமா கீமோதெரபி எடுத்துட்டிருக்கார், நாளைக்கே முடி கொட்டும்னெல்லாம் நான் பயமுறுத்த மாட்டேன், அது பொய்.

அப்ப ஏன் நிறுத்தச் சொல்றேன்? ஒண்ணு, அந்த டம்ளர்ல இருக்கறது வின்பிளாஸ்டின் மட்டும் இல்ல, மத்த ஆல்கலாய்டுகளும் இருக்கு, அதுல சிலது இலையில நிறையவே இருக்கு, தினமும் குடிச்சா 63 வயசு கல்லீரல் கிட்னியில என்ன பண்ணும்னு அளந்து பாத்து யாரும் அளவு சொல்லி வைக்கல. செடிக்குச் செடி, மழைக்கு மழை, கொழுந்துக்கு முத்தலுக்கு அளவு மாறும். ரெண்டு, நம்மாளுங்க பத்து இலையோட நிக்க மாட்டாங்க, 160 ஆயிடுச்சா, அப்ப இன்னும் பத்து போட்டா 120 ஆயிடுமேன்னு கை நீளும். இந்தச் செடியை மருந்துன்னு சாப்பிட்டு எலும்பு மஜ்ஜை படுத்துப் போன கேஸை தைவான் டாக்டர்கள் 2004ல எழுதியே வெச்சிருக்காங்க, அதனால "இயற்கைதானே"ன்னு விட்டுட முடியாது. மூணாவது, எனக்கு நிஜமா பயம் வர்றது இதுலதான், பாதியாக்கின மாத்திரை. சுகர்காரருக்கு கால் மரத்தா அது சுகராலயா, கஷாயத்தாலயான்னு டாக்டருக்கே குழப்பம் வரும், அதுக்குள்ள 160, 180ன்னு ஓடிட்டே இருக்கும், கண்ணும் கிட்னியும் சத்தம் போடாம தேயும்.

சரி, 210 எப்படி 160 ஆச்சு? எலி, முயல்ல இந்தச் சாறு குடுத்து சுகர் குறைஞ்சதா பிற்பாடு சில ஆய்வுகள் வந்திருக்கு, அதனால துளியும் குறையாதுன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன், மனுஷங்கள்ட்ட ஒழுங்கா பண்ணி நிரூபிச்ச அளவு மட்டும் கிடையாது. ஆனா உங்க லெட்டர்லயே இன்னொரு பதில் இருக்கு, நீங்களே கவனிக்காம எழுதியிருக்கீங்க: டீ பிஸ்கட்டை நிறுத்திட்டார். ஒன்பது வருஷமா டாக்டர் சொல்லி நிறுத்தாத டீயை ஒரு வெள்ளைப் பூ நிறுத்த வெச்சிருக்கு! விடிஞ்சதும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை, நாலு பிஸ்கட், அது பகல்ல வேற எத்தனை தடவையோ, அதெல்லாம் போனதுல எவ்வளவு குறைஞ்சிருக்கும்? என் கணிப்புல பாராட்டுல பெரும்பங்கு டீக்குத்தான் போகணும். அதனாலதான் மாத்திரையை நீங்களா திரும்ப முழுசாக்காதீங்கன்னு சொன்னேன், கிளிமிபிரைடு சுகரை இழுத்துக் கீழ தள்ளற மாத்திரை, சாப்பாடு மாறியிருக்கறப்ப பழைய அளவு அப்படியே போட்டா வேர்த்து மயக்கம் போட்டுடலாம். எவ்வளவுன்னு டாக்டர் ஹெச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகரைக் காட்டற டெஸ்ட்) பாத்துச் சொல்லட்டும். கூடவே சிபிசி (ரத்த அணு எண்ணிக்கை), கல்லீரல் டெஸ்ட், கிரியேட்டினின் (கிட்னி டெஸ்ட்) மூணையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்க, சித்தப்பாவுக்கும். இதுக்கு நடுவுல காய்ச்சல், வாய்ப்புண், மூணு நாளுக்கு மேல மலம் போகாம இருக்கறது, கை கால் புதுசா மரக்கறது ஏதாவது இருந்தா வாரம் வரைக்கும் காத்திருக்காதீங்க, அன்னிக்கே ஆஸ்பத்திரி. வீட்ல கர்ப்பமா இருக்கறவங்க யாராவது இருந்தா இந்தக் கஷாயம் பக்கமே வரக் கூடாது.

அப்பாட்ட எப்படிப் பேசறது? எலிக் கதையை முதல்ல எடுக்காதீங்க, "எலிக்கு ஆனா எனக்கென்ன"ம்பார். உங்க ஊர்லயே இருக்கற ஆயுதத்தை எடுங்க. ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு, அதான் செங்காந்தள், போடாத ஊர் எத்தனை இருக்கு? அப்பா போட்டிருக்காரோ இல்லையோ, பக்கத்துக் காட்டுலயாவது பாத்திருப்பார், காலைல பூ பூவா போய் கையால மகரந்தம் வெக்கறதும், கிழங்கைத் தொட்ட கையைக் கழுவாம சாப்பிடக் கூடாதுன்னு பெரியவங்க அதட்டறதும். அந்த கண்வலி விதையிலேருந்துதான் கொல்சிசின் எடுக்கறாங்க, யூரிக் ஆசிட் ஏறி கால் கட்டைவிரல் வீங்கி அலறறவங்களுக்கு அரை மில்லிகிராம் மாத்திரையா குடுக்கறது அதைத்தான். அதுவும் செல்லுக்குள்ள அதே கயிறைத்தான் பிடிக்குது, பிடிக்கற இடம் மட்டும் வேற. "மூட்டு வலிக்கே மருந்து இதுலேருந்துதான வருது, அப்ப கிழங்கை அரைச்சு ஒரு டம்ளர் குடிக்கலாமாப்பா?"ன்னு கேளுங்க. கண்வலியைப் பாத்து வளந்த மனுஷன் வாயைத் திறக்க மாட்டார், அந்தக் கிழங்கைத் தின்னு செத்தவங்க கதை ஊருக்கு ஒண்ணு அவருக்கே தெரிஞ்சிருக்கும்.

சித்த மருத்துவத்தைக் குறை சொல்றேன்னு நினைச்சுக்க வேண்டாம். எட்டிக்கொட்டையை எந்த வைத்தியரும் மரத்துலேருந்து பறிச்சு அப்படியே அரைச்சுக் குடுக்க மாட்டார், சுத்தி பண்ணி, அளவு பாத்து, பத்தியம் சொல்லித்தான் குடுப்பார். ஆடாதோடையில இருக்கற வாசிசின்ங்கற ஆல்கலாய்டை வெச்சு யோசிச்சுத்தான் சளி சிரப்ல வர்ற புரோம்ஹெக்சின் வந்துச்சு. அப்பாவுக்கு நம்ம வைத்தியம்தான் பாக்கணும்னா பதிவு பெற்ற சித்த மருத்துவர்ட்ட கூட்டிட்டுப் போங்க, மெட்பார்மின் சாப்பிடறதையும் சொல்லுங்க. இந்த ஏழு பூ பத்து இலை எந்த வைத்தியரோட கணக்குன்னு மட்டும் அப்பாட்ட கேட்டுப் பாருங்க.

இன்னொண்ணும் சொல்லலாம், செடின்னா அவருக்கு நம்பிக்கைன்னா, அவர் பாதியாக்கின மெட்பார்மினும் செடியிலேருந்து கிளம்பின கதைதான். ஐரோப்பாவுல கலேகான்னு ஒரு செடி, பச்சையா மேஞ்ச ஆடு சுருண்டு விழும். அதுல இருக்கற கலேஜின்ங்கற பொருள் சுகரைக் குறைக்குதுன்னு தெரிஞ்சு மனுஷங்களுக்குக் குடுத்துப் பாத்தாங்க, விஷம் அதிகம்னு விட்டுட்டாங்க. அதே குடும்பத்து வேதிப்பொருளா மெட்பார்மினை டப்ளின்ல 1922லயே செஞ்சிருந்தாங்க, பாரிஸ்ல ழான் ஸ்டெர்ன்னு ஒரு டாக்டர் 1957லதான் அதை மனுஷங்களுக்குக் குடுத்து எழுதினார். செடியிலேருந்து விஷத்தைக் கழிச்சு, அளவு கண்டுபிடிச்சு, அறுபது வருஷத்துக்கு மேல கோடிக்கணக்கான பேர் சாப்பிட்டுப் பாத்த கஷாயம்தான் அந்த வெள்ளை மாத்திரை. இப்படிச் சொன்னா சில அப்பாக்கள் மாத்திரையை மரியாதையா பாக்கறதை நான் கவுன்டர்ல பாத்திருக்கேன். சில பேர் "எல்லாம் கம்பெனிக்காரன் கதை"ன்னுட்டும் போயிருக்காங்க, அதுக்கு என்ட்ட மருந்தில்ல.

செடியைப் பிடுங்கிப் போட வேண்டாம், வருஷம் பூரா பூக்கற செடி, பாவம், அது பாட்டுக்கு வாசல்ல நிக்கட்டும். விடிஞ்சா அப்பாவுக்கு கையில சூடா ஒரு டம்ளர் இல்லாம ஓடாதுன்னா கடுங்காப்பி போட்டுக் குடுங்க. அதுலயும் ஆல்கலாய்டுதான், கஃபீன், ஆனா இதோட அளவு ஊருக்கே தெரியும். கருப்பட்டி போட்டா பரவால்லையான்னு உடனே கேப்பார். கூடாது, அதுவும் சர்க்கரைதான்.